அறிவியல் வகுப்பறையில் வினாவழிக் கற்பித்தல்

வினாவழிக் கற்பித்தல் என்பது, பாடப்பொருளை முழுவதும் சொல்லி முடித்தபின் சோதிப்பதற்காக மட்டும் கேள்வி கேட்காமல், மாணவர்கள் உற்றுநோக்கவும், ஊகிக்கவும், அளக்கவும், தம் முடிவுக்குச் சான்று காட்டவும் தூண்டும் வினாக்களைக் கொண்டு பாடத்தை நடத்திச் செல்லும் முறையாகும். இம்முறையில் ஆசிரியரின் வினாக்களைப் போலவே மாணவர்களின் வினாக்களும் பாடத்தின் பகுதியாகின்றன. இதற்கு விலையுயர்ந்த ஆய்வகம் தேவையில்லை. பள்ளியைச் சுற்றியுள்ள காற்று, நீர், மண், குப்பை ஆகியவையே போதுமானவை. வடசென்னையில் குப்பைக் கிடங்கு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், அருகே மணலி, எண்ணூர் தொழிற்பகுதிகள் என அமைந்துள்ள கொடுங்கையூர், இம்முறையை விளக்குவதற்குப் பொருத்தமான இடமாகும். அதனால் இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுப் பாடங்கள் அப்பகுதியை ஒட்டி அமைக்கப்பட்டுள்ளன.

நன்னூல் கூறும் வினா வகைகள்

வினாக்களை அவற்றின் நோக்கம் பற்றி வகைப்படுத்தும் மரபு தமிழில் பழமையானது. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் வினாவை ஆறாகப் பகுக்கிறது. பள்ளித் தமிழ்ப் பாடத்தில் மாணவர்கள் இதைப் படிக்கிறார்கள்.

அறிவினா: விடை தெரிந்தவர், பிறருக்குத் தெரியுமா என அறியக் கேட்பது.
அறியாவினா: விடை தெரியாதவர், தெரிந்துகொள்ளக் கேட்பது.
ஐயவினா: இதுவா அதுவா என்ற ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளக் கேட்பது.
கொளல்வினா: ஒரு பொருளைப் பெற்றுக்கொள்ளும் நோக்கில் கேட்பது.
கொடைவினா: ஒரு பொருளைக் கொடுக்கும் நோக்கில் கேட்பது.
ஏவல்வினா: ஒரு செயலைச் செய்யுமாறு தூண்டும் பொருட்டுக் கேட்பது.

அறிவியல் வகுப்பில் பெரும்பாலும் ஒலிப்பது அறிவினாவே. "ஒளிச்சேர்க்கைக்குத் தேவையான வாயு எது?" என்று கேட்கும் ஆசிரியருக்கு விடை முன்பே தெரியும்; அது தெரியும் என்பது மாணவர்களுக்கும் தெரியும். "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்பது வடிவில் வினாவாக இருந்தாலும், நடைமுறையில் ஏவல்வினாவாகவே இயங்குகிறது. "புரிஞ்சுது மிஸ்" என்பதைத் தவிர வேறு விடையை வகுப்பு எதிர்பார்ப்பதில்லை. அறிவியலின் இயல்பான வினாக்கள் அறியாவினாவும் ஐயவினாவும் ஆகும். "இந்தப் பலூனை ஊதியது எந்த வாயு?", "நாற்றம் காற்றின் திசையால் வருகிறதா, நேரத்தால் வருகிறதா?" போன்றவை அவ்வகையின. அறிவினாவுக்கும் வகுப்பில் இடம் உண்டு. முந்தைய பாடம் நினைவில் உள்ளதா என அறிய அது தேவை. அது மட்டுமே ஒலிக்கும் வகுப்பில், கேள்வி என்றாலே சோதனை என்ற எண்ணம் மாணவர் மனத்தில் பதிந்துவிடுகிறது.

வகுப்பறைப் பேச்சின் அமைப்பு

இங்கிலாந்தின் மொழியியலாளர்களான ஜான் சின்கிளேரும் மால்கம் கூல்தார்டும் வகுப்பறை உரையாடலை ஆராய்ந்து, 1975இல் அதன் மூன்று படி அமைப்பை எடுத்துக்காட்டினர். ஆசிரியர் கேட்கிறார், மாணவர் விடை சொல்கிறார், ஆசிரியர் அதை ஏற்கிறார் அல்லது திருத்துகிறார். பின்னர் அடுத்த கேள்வி. இந்த அமைப்பில் பேச்சின் முதல் படியும் கடைசிப் படியும் ஆசிரியரிடமே உள்ளன.

தமிழ்நாட்டு வகுப்புகளில் இதற்கு இன்னொரு வடிவமும் உண்டு. ஆசிரியர் சொல்லின் முன்பாதியைச் சொல்லி நிறுத்த, வகுப்பு முழுவதும் பின்பாதியைச் சேர்ந்து முழங்கும். "இது ஆவியா..." என்றால் "தல்!" என்று ஐம்பது குரல்கள் எழும். வகுப்பு உயிரோட்டமாக இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் அந்த ஐம்பது பேரில் எத்தனை பேருக்கு, ஈரத்துணி நிழலிலும் ஏன் காய்கிறது என்று சொல்ல முடியும் என்பதை அந்த முழக்கம் காட்டாது.

மூன்றாவது படியில் சிறு மாற்றம் செய்தாலே உரையாடலின் போக்கு மாறும். "சரி", "தப்பு" என்று உடனே சொல்லாமல், "எப்படிச் சொல்கிறாய்?", "இவர் சொன்னதை வேறு யாராவது பார்த்திருக்கிறீர்களா?", "அப்படியானால் மழைநாளில் என்ன நடக்கும்?" என்று கேட்கலாம். சரியான விடைக்கும் இவ்வாறே காரணம் கேட்க வேண்டும். தவறான விடைக்கு மட்டும் "ஏன்?" என்று கேட்டால், அந்தச் சொல்லே தவறுக்கு அடையாளமாகிவிடும்.

காத்திருக்கும் நேரம்

அமெரிக்க அறிவியல் கல்வியாளர் மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு வினாடி அளவே காத்திருக்கிறார்கள் என்று கண்டறிந்து, 1970களில் அம்முடிவுகளை வெளியிட்டார். அந்த இடைவெளியை மூன்று வினாடியோ அதற்கு மேலோ ஆக்கியபோது மாணவர் விடைகள் நீண்டன. விடை சொல்லாதிருந்தோர் குறைந்தனர். மாணவர்கள் தாமாகக் கேட்கும் வினாக்கள் கூடின. நன்றாகப் படிப்பவர் எனக் கருதப்பட்ட மாணவருக்கு ஆசிரியர்கள் கூடுதல் நேரமும், பின்தங்கியவர் எனக் கருதப்பட்டவருக்குக் குறைந்த நேரமும் தந்ததையும் அவர் பதிவு செய்தார். யோசிக்கக் கூடுதல் நேரம் தேவைப்பட்டவருக்கே அது குறைவாகக் கிடைத்தது.

மூன்று வினாடி என்பது சொல்வதற்கு எளிது. அமைதியான வகுப்பின் முன் நிற்பவருக்கு நீண்டதாகத் தோன்றும். கேள்வியைக் கேட்டபின் மனத்துக்குள் ஐந்துவரை எண்ணுவது ஒரு வழி. கை தூக்குவதற்கு முன் ஒவ்வொருவரும் நோட்டில் ஒரு வரி எழுதட்டும் என்பது மற்றொரு வழி. பக்கத்தில் இருப்பவருடன் ஒரு நிமிடம் பேசியபின் விடை சொல்லச் செய்வது, கூச்சமுள்ள மாணவருக்கும் துணிவு தரும்.

வினாவை அளவிடத்தக்கதாக்குதல்

மாணவர்கள் இயல்பாகக் கேட்கும் வினாக்கள் பெரும்பாலும் "ஏன்" என்று தொடங்கும். அவை விரிவானவை, ஒரு பாடவேளைக்குள் விடை காண முடியாதவை. அவற்றை "எப்போது", "எங்கே", "எவ்வளவு", "எதை மாற்றினால் எது மாறும்" என்ற வடிவுக்குக் கொண்டுவருவதே ஆசிரியரின் முதன்மையான பணியாகும். "எங்கள் தெரு ஏன் நாறுகிறது?" என்பது நியாயமான கேள்வி. "எந்தெந்த நேரங்களில் நாறுகிறது? அப்போது காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறது?" என்பது அதே கேள்வியின் அளக்கக்கூடிய வடிவம். மாணவர் கேட்டதைத் தள்ளிவிட்டு வேறொன்றைத் தருவதாக இம்மாற்றம் அமைந்துவிடக் கூடாது. அவர் கேட்டது கரும்பலகையின் மேல் வரியில் அப்படியே இருக்க, அதிலிருந்து பிரித்தெடுத்த சிறு வினாக்கள் கீழே எழுதப்பட வேண்டும்.

கொடுங்கையூர்ச் சூழலிலிருந்து மூன்று பாடங்கள்

1. காற்று

கடற்காற்று, நிலக்காற்று ஆகியவை நடுநிலை வகுப்புப் பாடங்கள். பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடாவதால் கடலிலிருந்து நிலத்தை நோக்கிக் காற்று வீசும். இரவில் நிலம் விரைவாகக் குளிர்வதால் திசை மாறும். கொடுங்கையூர் கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளதால், அங்குள்ள மாணவர்கள் இதைத் தம் வீட்டு வாசலிலேயே சோதிக்க முடியும்.

ஒரு குச்சியில் கட்டிய ரிப்பன், ஒரு நோட்டு ஆகியவை போதும். ஒரு வாரம் காலை 7 மணி, மாலை 4 மணி, இரவு 8 மணி என மூன்று வேளையும் ரிப்பன் எத்திசையிலிருந்து எத்திசைக்குப் பறக்கிறது, குப்பை நாற்றம் உள்ளதா இல்லையா என்று குறிக்க வேண்டும். ரிப்பன் மேற்கு நோக்கிப் பறந்தால் காற்று கிழக்கிலிருந்து வருகிறது என்பதை முதல் நாளே தெளிவுபடுத்த வேண்டும். கிழக்குக் காற்றைக் கொண்டல் என்றும், மேற்குக் காற்றைக் கோடை என்றும், வடக்குக் காற்றை வாடை என்றும், தெற்குக் காற்றைத் தென்றல் என்றும், வரும் திசையைக் கொண்டே தமிழ் பெயரிட்டிருப்பது இங்கே உதவும்.

வார இறுதியில் வகுப்பில் நடக்கக்கூடிய உரையாடல் ஒன்றின் மாதிரி:

மாணவர்: சாயங்காலம்தான் மிஸ் ரொம்ப நாறுது.
ஆசிரியர்: எல்லார் வீட்டிலும் அப்படியா?
மற்றொரு மாணவர்: எங்க வீட்ல காலையிலதான்.
ஆசிரியர்: இரண்டு பேர் வீடும் கிடங்குக்கு எந்தப் பக்கம்? வரைபடத்தில் வைத்துக் காட்டுங்கள், பார்ப்போம்.

கிடங்குக்கு மேற்கே வசிப்பவருக்கும் கிழக்கே வசிப்பவருக்கும் குறிப்புகள் வேறுபடலாம். முரண்படுவதுபோல் தோன்றும் இரு விடைகளும் சரியாக இருக்க முடியும் என்பதை வரைபடம் காட்டும். பருவக்காற்று வலுவாக உள்ள வாரங்களில் பாடநூல் சொல்லும் திசைமாற்றம் தெளிவாகத் தெரியாமலும் போகலாம். அப்போது "பாடநூல் தவறா, அல்லது வேறொரு காற்று கடற்காற்றை மறைக்கிறதா?" என்ற ஐயவினா பிறக்கும். அதற்கு மற்றொரு மாதத்தில் மீண்டும் குறிப்பெடுக்க வேண்டும்.

2. குப்பை

கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கு, பெருங்குடியுடன் சேர்ந்து சென்னையின் இரு பெரும் கிடங்குகளுள் ஒன்றாகும். பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்தெடுக்கும் பணி அண்மை ஆண்டுகளில் மேற்கொள்ளப்பட்டு வருகிறது. ஈரக் குப்பை காற்றில்லா நிலையில் மட்கும்போது மீத்தேனும் கரியமில வாயுவும் உண்டாகின்றன. மீத்தேன் தீப்பற்றக்கூடியது.

இதை வகுப்பில் தொடங்க இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்கள் போதும். ஒன்றில் நறுக்கிய காய்கறித் தோலும் சிறிது நீரும், மற்றொன்றில் உலர்ந்த காகிதத் துண்டுகளும் இட்டு, இரண்டின் வாயிலும் பலூனைப் பொருத்தி வைக்க வேண்டும். எந்தப் பலூன் எழும் என்பதை மாணவர்கள் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். சில நாட்களில் ஈரக் குப்பையின் பலூன் எழத் தொடங்கும்போது பெரும்பாலானோர் "மீத்தேன்!" என்பார்கள். ஆசிரியரின் வினா இதுவாக இருக்க வேண்டும்: "ஏதோ ஒரு வாயு வந்திருக்கிறது என்பது தெரிகிறது. அது மீத்தேன் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?"

வெற்றிலைச் சுண்ணாம்பை நீரில் கலக்கித் தெளியவிட்டு எடுத்த சுண்ணாம்பு நீரில், பலூனின் வாயுவை உறிஞ்சுகுழல் வழியாகச் செலுத்தினால் நீர் பால்போல் மாறும். இது கரியமில வாயுவுக்கான சோதனை. முதல் சில நாட்களில் வெளிவருவதில் கரியமில வாயுவே மிகுதி. மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிரிகள் மெதுவாகப் பெருகுபவை. அவற்றுக்குக் காற்றில்லாச் சூழலும் நீண்ட காலமும் தேவை. பாடநூலில் படித்த சொல் ஒன்று, கண்முன் உள்ள சான்று மற்றொன்று என்பதை மாணவர் பிரித்தறியும் இடம் இது. வாயுவைத் தீக்குச்சி கொண்டு சோதிக்கக் கூடாது. பாட்டிலை இறுக மூடி வைக்கவும் கூடாது. சுண்ணாம்பு நீர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பாடத்துக்காக மாணவர்களைக் கிடங்குக்குள் அழைத்துச் செல்வதும் தவிர்க்கப்பட வேண்டும்.

3. நீர்

கொடுங்கையூரில் கழிவுநீரை மூன்றாம் நிலைவரை சுத்திகரித்து, எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் உப்பு நீக்கி, வடசென்னைத் தொழிற்சாலைகளுக்கு வழங்கும் நிலையம் 2019இல் தொடங்கப்பட்டது. அதன் திறன் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர். இதை ஒட்டிய வினா: தெளிந்த நீரெல்லாம் தூய நீரா?

ஒரு டம்ளர் நீரில் ஒரு கரண்டி உப்பும் சிறிது மண்ணும் கலந்து, துணியிலும் மணலிலும் வடிகட்ட வேண்டும். தெளிந்த நீரில் ஒரு கரண்டியை எவர்சில்வர் தட்டில் விட்டு வெயிலில் காயவைத்தால் வெள்ளைத் தடம் மிஞ்சும். வடிகட்டுதல் மண்ணை நீக்கியது. கரைந்த உப்பை நீக்கவில்லை. அத்தகைய நீரைக் கொதிகலனில் இட்டால் உட்புறம் உப்புப் படியும் என்பதிலிருந்து, தொழிற்சாலைகளுக்கு உப்பு நீக்கிய நீர் ஏன் தேவை என்பதை மாணவர்களே சொல்லிவிடுவார்கள். ஒப்பிடுவதற்காக வைத்த குழாய் நீரும் சில இடங்களில் மெல்லிய தடம் விடும். "இதில் நாம் உப்புப் போடவில்லையே!" என்று யாராவது கேட்டால், நீரின் கடினத்தன்மை பற்றிய பாடம் அங்கிருந்து தொடங்கும்.

மாணவரின் வினாவுக்கு ஆசிரியரின் விடை

விடை வகைகள் எட்டினுள் ஒன்றாக வினா எதிர் வினாதலைக் குறிப்பிடுவர். அதாவது, கேள்விக்குக் கேள்வியையே விடையாகத் தருவது. வகுப்பில் இதை அளவறிந்து பயன்படுத்த வேண்டும். மாணவர் தாமே கண்டறியக்கூடியவற்றுக்கு எதிர்வினா பயன் தரும். "மீத்தேனின் வாய்பாடு என்ன?" என்பது போன்ற செய்திகளை நேராகச் சொல்லிவிடுவதே முறை, யோசித்துக் கண்டுபிடிக்க அதில் ஒன்றுமில்லை.

ஆசிரியருக்கு விடை தெரியாத வினாக்களும் வரும். "எனக்குத் தெரியவில்லை; எப்படித் தெரிந்துகொள்ளலாம்?" என்று சொல்வதால் மதிப்புக் குறைவதில்லை. அவ்வினாக்களை எழுதி ஒட்ட வகுப்பில் ஒரு பலகை வைத்து, வாரம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மத்தியப் பிரதேசத்தில் 1972இல் 16 பள்ளிகளில் தொடங்கி 2002வரை நடந்த ஹோசங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தில், குழந்தைகள் தம் கேள்விகளை எழுதி அனுப்புவதற்கென்றே சவாலிராம் என்ற கற்பனைப் பாத்திரம் உருவாக்கப்பட்டது. அத்திட்டத்தில் மாணவர்கள் புத்தகத்தைப் பார்த்தே தேர்வு எழுதினர். புத்தகத்தில் நேரடியாக விடை இல்லாத வினாக்களை அமைக்க வேண்டிய பொறுப்பு ஆசிரியர்களுக்கு வந்தது.

தமிழ்நாட்டில் நடந்த முயற்சிகள்

2003இல் சென்னை மாநகராட்சியின் சில தொடக்கப் பள்ளிகளில், அன்றைய ஆணையர் எம்.பி. விஜயகுமாரின் முயற்சியால் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. ஆந்திரத்தின் ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளியின் அட்டை முறை இதற்கு முன்மாதிரி. பின்னர் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு இது விரிந்தது. உயர்தொடக்க வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி என்ற முறை வந்தது. மாணவர் தாமே படித்தல், மனவரைபடம் வரைதல், தொகுத்தல், வகுப்பின் முன் வழங்குதல் ஆகியவை அதன் படிகள். பல பள்ளிகளில் காலப்போக்கில் மனவரைபடமும் கரும்பலகையைப் பார்த்து எழுதும் படமாகிவிட்டது.

1980இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அறிவியல் இயக்கம், 1987 முதல் வெளிவரும் துளிர் சிறுவர் அறிவியல் இதழ், 1993 முதல் நடைபெறும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு ஆகியவை மாணவரின் சொந்த வினாக்களுக்கு வகுப்புக்கு வெளியே இடம் தந்தன. குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் மாணவர் குழுக்கள் தம் ஊர்ச் சிக்கல் ஒன்றை ஆராய்ந்து கட்டுரை அளிக்கின்றன. அரசுப் பள்ளிகளின் 6 முதல் 8ஆம் வகுப்பு மாணவர்களுக்குச் சோதனைகளைக் கொண்டு செல்லும் வானவில் மன்றம் 28 நவம்பர் 2022இல் திருச்சியில் தொடங்கப்பட்டது.

தேர்வும் நடைமுறைத் தடைகளும்

தற்போதைய பாடநூல்களில் உயர்சிந்தனை வினாக்கள் எனத் தனிப் பகுதி உள்ளது. ஆயினும் கைடுகளில் அவற்றுக்கும் விடை அச்சாகி, மாணவர் அதை மனப்பாடம் செய்துவிட்டால், அவையும் அறிவினாக்களே. ஒரு வினாவின் தரம் அதன் தலைப்பில் இல்லை. மாணவர் அதை முதன்முறையாகச் சந்திக்கிறாரா என்பதில் உள்ளது.

40 நிமிடப் பாடவேளை, நெரிசலான வகுப்பு, முடிக்க வேண்டிய பாடப்பகுதி ஆகியவை உண்மையான தடைகள். எல்லாப் பாடத்தையும் இம்முறையில் நடத்த இயலாது, தேவையும் இல்லை. பருவத்துக்கு இரண்டு அல்லது மூன்று பாடங்களைத் தேர்ந்துகொள்வது நடைமுறைக்கு ஏற்றது. 2012–13 முதல் 8ஆம் வகுப்புவரை நடைமுறைக்கு வந்த முப்பருவ முறை, வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண் ஒதுக்கியது. காற்றுக் குறிப்பேடு போன்ற பணிகள் இத்தகைய மதிப்பீட்டுக்கு இயல்பாகப் பொருந்துவன. அவற்றை மதிப்பிடும்போது எழுத்தழகையும் அட்டை அலங்காரத்தையும் விட, குறிப்புகள் நேர்மையாக உள்ளனவா, முடிவு குறிப்புகளுக்குப் பொருந்துகிறதா என்பதே பார்க்கப்பட வேண்டும். "செவ்வாய்க்கிழமை பார்க்க மறந்துவிட்டேன்" என்று எழுதி வைத்த கட்டத்துக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது. குறைத்தால் அடுத்த முறை அந்தக் கட்டம் கற்பனையால் நிரப்பப்படும்.

வகுப்பறைக்கு வெளியே

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மூச்சுத்திணறலும் கண்ணெரிச்சலும் ஏற்பட, சுற்றுப்புற மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர். அமோனியா நீரில் மிக எளிதில் கரையும் என்பது பாடநூலில் ஒரு வரி. தேர்வில் ஒரு மதிப்பெண். "அப்படியானால் அந்த வாடை வரும்போது முகத்தை எதனால் மூடுவாய்? எந்தத் திசையில் விலகிச் செல்வாய்?" என்ற வினாவை வகுப்பில் ஒருமுறை யோசித்த மாணவர், ஈரத்துணியையும் காற்றின் போக்குக்குக் குறுக்காக விலகுவதையும் தாமே வந்தடைவார். ஈரத்துணி ஓரளவே உதவும், இடத்தை விட்டு அகல்வதே முதன்மை என்பதையும் அங்கேயே பேசிவிடலாம்.

கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் திட்டம் குறித்து மக்களிடையே விவாதம் நடந்து வருகிறது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, குறிப்பிட்ட பெருந்திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தப்பட வேண்டும். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தக் குடிமகனும் அரசு அலுவலகத்திடம் தகவல் கேட்கலாம். இவ்விரண்டு இடங்களிலும் "ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?" என்ற பொதுவான கேள்விக்குப் பொதுவான விடையே கிடைக்கும். எரிக்கப்படும் குப்பையில் ஈரம் எத்தனை சதவீதம், ஒரு டன்னுக்கு மிஞ்சும் சாம்பல் எவ்வளவு, அது எங்கே கொட்டப்படும், புகையில் எவை எத்தனை நாளுக்கு ஒருமுறை அளக்கப்படும் என்று கேட்பவருக்கு, திட்டத்தை ஆதரித்தாலும் எதிர்த்தாலும், எண்ணால் விடை சொல்ல வேண்டியிருக்கும். ரிப்பனும் நோட்டும் கொண்டு ஏழாம் வகுப்பில் பழகியது இவ்வாறு கேட்கும் முறையைத்தான்.